நூற்றுப் பதின்மூன்று முதல் நூற்றிருபது வரை

புத்தகக் கடைக்காரர்கள் அக்காவுக்கு வைத்திருக்கும் பெயர் 'பழைய பேப்பர்'. அக்காவுக்கும் அது தெரியும். பதினேழு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். ஒருநாள் பள்ளிக்கூட நூலகத்தைக் காலி செய்து எடைக்குப் போட்டார்கள். அக்கா நேரே எடைக்கடைக்குப் போய் அத்தனையையும் திரும்ப வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பதிப்பகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் அங்கே மெய்ப்புத் திருத்துகிறவன். அடுத்தவர் தப்பைத் தேடியே வயிறு வளர்ப்பதால் எனக்கு யாரையும் லேசில் பிடிக்காது. அக்காவைப் பிடிக்கவே ஆறு வருடம் ஆயிற்று.

எங்கள் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். காதல் கவிதைகளுக்குப் பக்கத்தில் குதிரை வைத்தியம். அதற்கடுத்து ஒரு கப்பல் சமையற்காரரின் நாட்குறிப்பு. பிறகு மேடையேற்றவே முடியாத மூன்று நாடகங்கள். "இதெல்லாம் எப்படி ஒரே பட்டியல்ல?" என்று யாராவது கேட்டால், "எல்லாத்தையும் நான் ரெண்டாந்தடவை படிச்சேன்" என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

நாற்பத்தோராவது புத்தகத்தில்தான் வம்பு வந்தது. அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு நர்ஸ் எழுதிய நாவல். தேடித் தேடி ஒரே ஒரு பிரதிதான் அகப்பட்டது, ஒரு பொது நூலகத்தில். அதிலும் நாலு தாளை யாரோ பிளேடு வைத்துச் சுத்தமாக அறுத்திருந்தார்கள். 112ஆம் பக்கம், 'அவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி' என்று பாதியில் நிற்கிறது. 121ஆம் பக்கம், 'கைக்கட்டோடுதான் மறுநாள் வார்டுக்குப் போனேன்' என்று ஆரம்பிக்கிறது.

அக்கா நடுவிலிருந்த எட்டுப் பக்கத்தையும் வெள்ளையாகவே விட்டு அச்சடித்தார். பக்க எண் மட்டும் உண்டு. 113இல் சின்ன எழுத்தில் இப்படிப் போட்டார்: 'இந்தப் பக்கங்கள் கிடைக்கவில்லை. வைத்திருப்பவர் தந்து உதவவும்.' ஒரு பிழைகூட விடாமல் நான் பார்த்துக் கொடுத்த பக்கங்கள் அவை மட்டும்தான்.

வாங்கியவர்கள் அச்சுக்கோளாறு என்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் புத்தகங்களில் பாதியை விற்றுத் தருகிற பெரிய கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

"எட்டுப் பக்கம்தானேக்கா? யாரையாவது விட்டு எழுதி நிரப்பிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"கணக்குல தெரியாததைத் தெரியாததுன்னுதான் எழுதணும். சும்மா ஒரு எண்ணைப் போட்டா நான் முட்டைதான் போடுவேன்."

"அப்ப பட்டியல்லேர்ந்தே தூக்கிடுங்க. இல்லேன்னா நாப்பத்தொண்ணையும் திருப்பி அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க. வாசல் திறந்துதான் இருக்கு."

அந்தக் கடை கைவிட்டால் அடுத்த புத்தகம் அச்சேறாது. அவர் போனதும், "கொஞ்சம் வளைஞ்சு குடுத்தா என்னக்கா?" என்றேன்.

"ஒரு காற்புள்ளிக்காக என்னோட நாலு நாள் பேசாம இருந்தவன் நீ. நீ சொல்றியா இதை?"

அடுத்த மெய்ப்பை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே நர்ஸின் மகன் வந்தார். எண்பதை நெருங்குகிறவர், மடிப்புக் கலையாத சட்டை. மறுபதிப்புக்கு அனுமதி கேட்டபோது மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்.

"அந்த வெள்ளைப் பக்கத்தை எடுத்துடுங்கம்மா. முன்னையும் பின்னையும் சேர்த்துப் போடுங்க. என் பேத்தி தினமும் கேக்கறா, இதுல என்ன இருந்துச்சு தாத்தான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "அறுத்தது நான்தான். அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. அப்பா அடிச்சதையெல்லாம் அம்மா அப்படியே எழுதிட்டாங்க. வெளியில தலைகாட்ட முடியல. கையில கிடைச்ச பிரதியையெல்லாம் எரிச்சேன். நூலகத்துப் புத்தகத்தை எரிக்கப் பயம்."

"அறுத்த தாளு?"

"அம்மா எழுதினதாச்சே. பெட்டியில இருக்கு."

எனக்குக் கோபம் பொங்கியது. பாவமாகவும் இருந்தது, அதற்காக என்மேலேயே எரிச்சலாகவும் வந்தது. அக்கா குரலை உயர்த்தவில்லை.

"குடுங்க, நாளைக்கே அச்சுக்கு அனுப்பறேன். குடுக்கலேன்னா வெள்ளை அப்படியே இருக்கும். உங்க அம்மா பேசின இடத்தை நான் ஒட்டி மூட மாட்டேன்."

"அனுமதியை வாபஸ் வாங்கிடுவேன்."

"தாராளமா. ஆனா அதுக்கும் பேத்திகிட்ட காரணம் சொல்லணும்."

அவர் எழுந்து போய்விட்டார். அனுமதியை ரத்து செய்து கடிதம் வரவில்லை. தாள்களும் வரவில்லை.

கடைக்காரர் சொன்னபடியே செய்தார். புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதில், ஒருக்களித்துத்தான் என் நாற்காலிக்குப் போக முடிந்தது. அக்கா நர்ஸின் நாவல் இருந்த பெட்டிகளை மட்டும் பிரிக்கச் சொன்னார். 113ஆம் பக்கத்து வரிகளின் மேல் ஒட்டுவதற்கென்று ஒரு துண்டுச்சீட்டுக்கு வாசகம் எழுதியிருந்தார். அச்சுக்குப் போகுமுன் பார்த்துக் கொடு என்று என்னிடம் நீட்டினார்.

'இந்தப் பக்கங்கள் இருக்கின்றன. வைத்திருப்பவர் தரவில்லை.'

மூன்று தடவை படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை. பசை டப்பா எங்கே என்று கேட்டேன்.