பக்கந்தாங்க என்று சொன்ன வாய்

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவது வரைதான் படித்தேன். ஞாபகமும் முன்னே பின்னே ஆகிறது.

கொரோனா வந்து பஸ், ஜீப் எல்லாம் நின்றுபோன சமயம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் உள்ளே தள்ளி எங்கள் ஊர். கூட்டம் சேரக்கூடாது என்று ரேஷன் அரிசிக்கு டோக்கன் கொடுத்தார்கள். எங்களுக்குக் காலை எட்டு மணி. கரடி பயம், விடியாமல் கிளம்ப முடியாது. நானும் பக்கத்து வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்தபோது எங்கள் நேரம் முடிந்திருந்தது. வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர். கஞ்சிக்கு ஒரு படி சாமைதான் மிச்சம்.

கடை வாசலில் ஒரு அம்மா நோட்டோடு நின்றிருந்தார். அரசாங்க நிர்வாகத்தைப் பெரிய படிப்பாகப் படித்தவராம். ஆபத்துக் காலத்தில் என்ன திட்டம் போடலாம் என்று அதிகாரிகளுக்கு யோசனை சொல்ல வந்தவர். டோக்கன் நேரமும் அவர் போட்டதுதான்.

"ஏம்மா லேட்டு? உங்க ஊர் பக்கம்னுதானே எழுதியிருக்கு?" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா?

"டோக்கனுக்கு லிஸ்ட் எழுத வந்தவங்களாண்ட சொன்னதே இவதாங்க! தூரம் இன்னான்னு கேட்டாங்க, பக்கந்தாங்கன்னுட்டா."

உண்மைதான். எங்கள் மலையில் யாரிடமும் தூரம் என்று சொல்ல மாட்டோம். களைத்து வந்தவருக்கு மனசு விட்டுப்போகும் இல்லையா?

அந்த அம்மா திட்டவில்லை. அரிசி போடச் சொல்லிவிட்டு, "நானும் கூட வரேன்" என்று நடந்தார். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"தோ, பக்கந்தாங்க." என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பாத்தீங்களா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டா! நடந்துகினே இருங்கம்மா, பொழுது சாயறதுக்குள்ள வந்துடும்!" என்றாள் அவள். அந்த அம்மா மாஸ்க்குக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஊர் வந்ததும் நோட்டில் ‘பக்கம்’ என்றிருந்ததை அடித்துவிட்டு, ‘நடை, மூன்று மணி நேரம்’ என்று எழுதினார். "நான் ஆபீஸ்ல உக்காந்த இடத்துலயே டோக்கன் நேரம் போட்டேன். தப்பு என்னோடதும்தாம்மா" என்றார்.

அடுத்த தடவை டோக்கன் நேரமே இல்லை. டிராக்டர் ஏற முடிந்த மேடு வரைக்கும் அரிசி வந்தது. கரியாலூர் பக்கத்தில் உள்ளடங்கிய ஊர்களுக்கும் அப்படியே செய்தார்கள் என்று கேள்வி.

இப்போதும் யாராவது கேட்டால் ‘பக்கம்’ என்று வாய் வரைக்கும் வரும். விழுங்கிவிட்டு உள்ளதைச் சொல்கிறேன். சொன்னால் நடந்து வந்து பார்க்கவும் ஆள் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்த நடை மூன்று மணி நேரமா, நாலா என்று எனக்கே சந்தேகம். யாராவது நடந்து பார்த்துச் சரிசெய்து போடுங்கள்.