ஊரிலுள்ள ஜன்னல் எல்லாம்

அந்த ஏழு மாடி அலுவலகத்தில் ஒன்பது வருஷமாகக் கண்ணாடி துடைத்தவளை எல்லோரும் கண்ணாடிக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். ஒரு கையில் வாளி, மறு கையில் வைப்பர். வாய் மட்டும் சும்மா இருக்காது. கண்ணாடியோடும் பேசுவாள், கண்ணாடியை அழுக்காக்கியவர்களையும் அவர்கள் காதில் விழாமல் வாழ்த்துவாள்.

மூன்றாம் மாடியில் இன்டர்வியூ நடக்கும் அறை ஒன்று உண்டு. அதன் வராந்தாப் பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்கும்போது கதவிடுக்கு வழியாக உள்ளே பேசுவதெல்லாம் கேட்கும். கேட்காதே என்று காதுக்குச் சொல்ல அவளுக்கு மனசு வராது. ஆள் எடுக்கிற அதிகாரிக்கு அவள் வைத்திருந்த பெயர் கேள்விக்காரர்.

"நீங்க ஒரு பாத்திரமா பொறந்திருந்தா, எந்தப் பாத்திரமா இருப்பீங்க?" என்பார். பதில் வந்ததும் பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றைப் புரட்டுவார். எந்தப் பதில் சொன்னால் ஆள் எப்படிப்பட்டவர் என்று அதில் போட்டிருக்கும். வாணலி என்றால் சூடு தாங்குபவர். விலங்குக் கேள்விக்குச் சிங்கம் என்றால் துணிச்சல்காரர்.

வாணலி என்று சொல்லிச் சேர்ந்தவர் ஏசி சரியில்லை என்று முதல் வாரமே புகார் எழுதினார். சிங்கமோ ஒரு கரப்பான் பூச்சியைப் பார்த்து மேஜைமேல் ஏறி நின்றது. இதெல்லாம் புத்தகத்துக்குத் தெரியாது, கண்ணாடிக்காரம்மாவுக்குத் தெரியும்.

கேள்விக்காரருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. கேள்வி கேட்கும்போது எழுந்து போய் ஜன்னலில் ஆள்காட்டி விரலை ஊன்றி ஊரைக் காட்டுவார். ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் ஒரு விரல் தடம், எப்போதும் அதே உயரத்தில். ஒன்பது வருஷமாக அவற்றைத் துடைத்தது யார்? "அந்தக் கையைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டா தேஞ்சா போயிடும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே துடைப்பாள்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் துப்புரவு ஒப்பந்தம் மாசக் கடைசியோடு முடிகிறது, தினக்கூலி ஆட்கள் எல்லோரும் நின்றுவிட வேண்டியது என்று தகவல் வந்தது. அதற்குப் பதில் ஒரே ஒரு நிரந்தர மேற்பார்வையாளர் வேலை. அதற்கும் இன்டர்வியூ. எடுப்பவரும் சாட்சாத் கேள்விக்காரரேதான்.

வீட்டில் நாத்தனார் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாத்தியாராகிவிட்டாள்.

"அண்ணி, நீங்க ஒரு மிருகமா இருந்தா?"

"ஏன்டி, மனுஷியா இருக்கிறது போதாதா?"

"எறும்புன்னு சொல்லுங்க. உழைப்பாளின்னு போட்டிருக்கு."

பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவர், "அப்போ நான் என்ன மிருகமாம்?" என்றார்.

"உங்களை யாருண்ணா கேட்டா?"

"ஆமைன்னு போட்டுக்கோ. என் பஸ்ல ஏறுறவங்க தினமும் அப்படித்தான் சொல்றாங்க."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனாலும் அவளுக்குள் பயம் இருந்தது. இந்த வேலை கைவிட்டுப் போனால் அடுத்த மாசம் எந்தக் கட்டடத்து வாசலில் போய் நிற்பது? போட்டிக்கு வருகிறவர்கள் எல்லாம் படித்தவர்களாமே. எறும்பு, குடம், தீவுக்குப் போனால் தீப்பெட்டி என்று மனப்பாடம் செய்துகொண்டாள்.

இன்டர்வியூ அன்று காலை அந்த அறையைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு வரிசையில் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்தாள். நான்காவதாகப் போன இளைஞன் வெளியே வந்து, "நாப்பத்தோரு நாள்னு அடிச்சு விட்டேன்" என்று போனில் பெருமையடித்தான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உள்ளே போனாள். கேள்விக்காரர் எறும்பைப் பற்றியும் கேட்கவில்லை, குடத்தைப் பற்றியும் கேட்கவில்லை. எழுந்து போனார், ஜன்னலில் விரலை ஊன்றினார்.

"இந்த ஊர்ல இருக்கிற ஜன்னல் எல்லாத்தையும் தொடச்சு முடிக்க எத்தனை நாள் ஆகும்?"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் மொத்தத்துக்கும் ஒப்பந்தமா!

"உள்பக்கம் மட்டுமா சார், வெளிப்பக்கமுமா?"

"ரெண்டும்னே வச்சுக்கலாம்."

"தண்ணி நல்ல தண்ணியா, உப்புத்தண்ணியா? உப்புன்னா கறை நிக்கும். எத்தனை ஆள் குடுப்பீங்க? என்னைக்கு ஆரம்பிக்கணும்?"

கேள்விக்காரர் விழித்தார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது. "அம்மா, இது சும்மா ஒரு பேச்சுக்கு. அப்படி வேலை எதுவும் இல்ல. ஒரு எண் சொல்லுங்க, போதும்."

அவள் முகம் ஜிவ்வென்று சூடானது. நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வாயைத் திறந்தாள். ஒன்பது வருஷம் துடைத்த கை அந்தப் பொய்யைச் சொல்ல விடவில்லை.

"முடிக்க முடியாது சார்."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். கண்ணாடிக்கு மறுபக்கத்திலிருந்து எழுத்தைத் திருப்பிப் படித்தே பழகியவளுக்குத் தலைகீழ் எழுத்தெல்லாம் ஒரு பொருட்டா? 'எண் சொல்ல மறுப்பவர்: தயக்கக்காரர், தவிர்க்கவும்' என்று இருந்தது. போனால் போகட்டும் என்று பேசினாள்.

"கடைசி ஜன்னலைத் தொடச்சிட்டுத் திரும்பிப் பார்த்தா மொத ஜன்னல் அழுக்காயிருக்கும் சார். மறுபடி அங்கேருந்து ஆரம்பிக்கணும். இதையே பாருங்களேன், காலையில நான்தான் தொடச்சேன். அதுக்குள்ள அஞ்சு விரல் இருக்கு."

கேள்விக்காரர் ஜன்னலைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். காது மடல் சிவந்துபோனது.

"இத்தனை வருஷமா இதை நீங்களா..."

"பின்னே, அதுவா மறையும்? இத்தனை நாள்ல முடிஞ்சிடும்னா தினக்கூலிக்கு ஆள் வச்சு அனுப்பிடலாம் சார். இது முடியாத வேலை. அதுக்குத்தான் நிரந்தரமா ஒரு ஆள் வேணும்."

அவர் சிரித்துவிட்டார். புத்தகத்தில் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் என்னவோ எழுதினார். "முடிவை அப்புறம் சொல்லி அனுப்புறோம்மா" என்றார், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

"சரிங்க சார்" என்று அவளும் ஒன்றும் தெரியாதவளாகத் தலையாட்டினாள். 'இவரை விட்டுவிடக் கூடாது' என்று தலைகீழாகத் தெரிந்ததைப் படித்து முடித்திருந்தாள்.

எழுந்தபோது கை தன்னால் ஜன்னல் பக்கம் போனது. ஐந்து தடங்களும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. கையை மடக்கிக்கொண்டாள். நாளைக்குத் துடைத்தால் போதும்.