வயர் எட்டும் தூரம்

அக்காவின் கல்யாணத்துக்கு அய்யாவால் வர முடியவில்லை. சவுதியில் அவருக்கு அது நான்காவது வருடம். முதலாளி லீவு தரவில்லை. ஆறாயிரம் ரூபாய் அனுப்பி, ஒரு வீடியோ காமிரா வாங்கிக் கல்யாணத்தைப் பிடித்து அனுப்பச் சொன்னார். வாடகைக்கு எடுத்தால் ஒரு நாளோடு போய்விடும், சொந்தமாக இருந்தால் நாலு காதுகுத்துக்குப் போய்ப் போட்ட காசை எடுக்கலாம் என்பது சித்தப்பாவின் யோசனை.

கீழக்கரையில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு பாய் வீட்டுக்கு, சித்தப்பாவும் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நானும் போனோம். இரண்டு காமிரா இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சின்னது ஆறாயிரம். தோளில் வைக்கும் பெரியது ஐயாயிரம், கேசட் இரண்டு இனாம்.

"சின்னது சோப்பு டப்பா கணக்கா இருக்கு. இதத் தூக்கிட்டுப் போனா எவன் ஒதுங்கி வழி விடுவான்?" என்ற சித்தப்பா, பெரியதைத் தோளில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏலே, எது நல்லாருக்கு?"

நான் பெரியதைக் காட்டினேன். பள்ளிக்கூடத்துப் பயல்கள் பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு வேறு காரணம் இல்லை.

பாய் நேர்மையானவர். "பேட்டரி தளந்து போச்சு. கரண்டுல மாட்டி எடுத்தா ஒரு கொறையும் இல்ல. மறச்சு வித்தா அல்லாவுக்கு ஆகாது" என்றார்.

"எங்க வீட்டுலயுந்தான் கரண்டு இருக்கு பாய்" என்றார் சித்தப்பா, ரோசத்தோடு.

இரண்டு நாள் சார்ஜ் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா அதைத் தொடாமல் எட்ட நின்று பார்த்துவிட்டு, "தம்பி, தாலி கட்டுறத மட்டும் விட்டுராதிய. அவுக அதுக்குத்தான் கேக்குறாக" என்றாள்.

தாலி கட்டியது ஊர்க்கோயிலில். அங்கே கரண்டு கிடையாது. எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னத்தோடு பேட்டரி செத்தது. சித்தப்பா தட்டினார், ஊதினார், வேட்டியில் துடைத்தார். கெட்டிமேளம் முடிந்துவிட்டது.

வீட்டில் ஒரே ஒரு பிளக், அதுவும் பின்கட்டில். வயர் அடுப்படியைத் தாண்டவில்லை. இனாமாகக் கிடைத்த கேசட் வீணாகக் கூடாது என்று சித்தப்பா அங்கேயே நின்று எடுத்தார். பந்தியைக் கவனிக்கக் கோயிலிலிருந்து முன்னதாகவே வந்துவிட்ட அம்மாதான் அதில் முழுக்க இருந்தாள். சமையல்காரரை ஏசினாள்; அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்தாள்; நின்றபடியே ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகுதான் காமிராவைக் கண்டாள்.

"இங்கன எதுக்கு நிக்கிறிய? போயி பொண்ணு மாப்பிள்ளைய எடுங்க."

"வயர் எட்டல மதினி."

சவுதிக்குப் போகிறவர் ஒருவரிடம் கேசட்டைக் கொடுத்துவிட்டோம். பெரியதைக் காட்டிய விரல் என்னுடையது என்பதால், பதில் வரும்வரை தபால்காரரைக் கண்டாலே ஒளிந்துகொண்டேன். ஒரு மாதம் கழித்து வந்த கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்தேன்.

'தாலி கட்டியது படத்தில் இல்லை. போகட்டும். காமிராவை விற்க வேண்டாம். அடுத்த முறையும் அந்த வயர் எட்டுகிற இடத்திலேயே வைத்து எடுக்கவும்.'

அம்மா அந்தக் கடைசி வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு முறை என்றாள். பிறகு கடிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாத அவள், அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னாளில் எட்டாவதோடு படிப்பை விட்டு, வாலிநோக்கம் உப்பளத்தில் தொடங்கி எத்தனையோ ஊர்களில், எட்டுப் பேர் படுக்கும் அறைகளில் அய்யாவைப் போல நானும் கிடந்தபோதுதான் அந்த வரி எனக்கு விளங்கியது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: புது வயர் வாங்கிச் செலவு வைக்காதீர்கள் என்கிறார். அய்யா பெரிய சிக்கனக்காரர் என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாக விளையாடப் போனேன்.