மார்த்தா கொடுத்த குளிசை

விடத்தல்தீவில் மார்த்தாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டாக்குத்தர் தனக்கு எழுதிக் கொடுக்கும் மருந்தில் பாதியை, அதே வருத்தமுள்ள இன்னொருவருக்குக் கொடுக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. பகல் முழுக்க நண்டுத் தொழிற்சாலையில் நின்று சதை பிரிப்பாள். பின்னேரம் ஊருக்கு வைத்தியம் பார்ப்பாள். ஊரும் கேள்வி கேட்காமல் வாங்கி விழுங்கும். நல்ல மனதுதான், ஆனால் என்ன முட்டாள்தனம்!

முழங்கால் வலிக்கென்று எழுதிக் கொடுத்த குளிசை ஒன்று மூன்றே மாதத்தில் அவளுடைய ஈரலைக் கெடுத்தது. கண் மஞ்சளாகி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிறகு அந்த மருந்தையே தடைசெய்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து மருந்துக் கொம்பனிமீது நட்டஈட்டு வழக்குப் போட்டபோது, மன்னாரில் சட்டத்தரணி கிறிஸ்ரி அவளையும் சேர்த்துக்கொண்டார்.

"குளிசை அட்டை ஏதும் மிச்சம் இருக்கோ அம்மா? அந்தக் கொம்பனிக் குளிசைதான் குடிச்சனீங்களெண்டு காட்ட, அதில இருக்கிற தொகுதி இலக்கம் வேணும். வேற ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

அப்போதுதான் அவளுக்குப் பக்கத்து வீட்டு நுஸ்ரியாவின் நினைவு வந்தது. ஒரு முழு அட்டை! பயத்தில், "இல்லை ஐயா, ஒருத்தருக்கும் குடுக்கேல்ல" என்று வாய் முந்திக்கொண்டது.

பஸ்ஸால் இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை.

"நுஸ்ரியா, முழங்காலுக்குத் தந்த குளிசை குடிச்சனியோ? உண்மையைச் சொல்லு."

நுஸ்ரியா தலை குனிந்தாள். சந்திக்கும்போதெல்லாம் "வலி குறைஞ்சிட்டுது அக்கா" என்று சொல்லி வந்தவள் அவள்.

"கோவிக்காதீங்கோ அக்கா. எனக்குக் குளிசை விழுங்க ஏலாது. நீங்க ஆசையாத் தந்ததை வேணாமெண்டு சொல்ல மனம் வரேல்ல. அல்லாஹ்மேல சத்தியமா, ஒண்டும் குடிக்கேல்ல."

அலுமாரியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். பத்துக் குளிசையும் அப்படியே இருந்தன.

"பொய்க்காரி!" என்று அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள் மார்த்தா. "நல்லா இரு, பொய்க்காரி!"

மறுநாள் சட்டத்தரணியிடம் அட்டையையும் உண்மையையும் சேர்த்தே கொடுத்தாள். அவர் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு இலக்கத்தைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரரின் பதிவோடு அது சரியாகப் பொருந்தியது.

வழக்கு வெல்ல ஒன்றரை வருடமானது. தீர்ப்பன்று நீதிமன்ற வாசலில் மார்த்தா நுஸ்ரியாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நட்டஈடு கிடைத்த சந்தோசம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.