கற்பூரத்தில் கை வைக்காதவள்

அந்த ஊரில் டீச்சராக இருந்தேன். முதல் பதினோரு வருஷத்தில் ஒருவர்கூட என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. விரோதம் எதுவும் கிடையாது. நான் கிறிஸ்தவள்; வேதக்காரி வீட்டில் தண்ணீர் குடிக்கும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க மட்டும் நான் வேண்டும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யாரிடம் காட்டுவது? வீட்டில் நான் ஒருத்திதான்.

என் கணவர் வேலூரில் கம்பவுண்டராக இருந்து சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அவர் வாங்கிப் போட்ட முப்பது சென்ட் நிலமும் ஓட்டு வீடும் கிணறும் பாலாற்றங்கரையில் இருந்தன. ஆற்று மணலில் ஊறும் தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக என் வேலியை ஒட்டித்தான் ஊருக்குள் போகும். வேலூர்க் கோட்டை கட்டுவதற்கு முந்தியே வெட்டிய கால்வாய் என்று ஊரார் சொல்வார்கள். மதகுக் கல்லில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து இருந்தது. படிக்கத் தெரியாததாலேயே அதற்கு மரியாதை ஜாஸ்தி.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி ஒருவருக்காகத் தரகர் ஒருவர் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். ஆற்றங்கரை நிலம் முழுக்க வேண்டுமாம். அங்கே தோல் ஊறப்போடத் தொட்டி கட்டினால் கழிவு கால்வாயில் இறங்கும், ஊர் அதோடு தீர்ந்தது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஊர்த் தலைவரான மணியக்காரர் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். வீட்டுக்கு ஒருவர் வந்து, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, ஒரு பிடி மண்ணும் விற்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

என் முறை வந்தது. எங்கள் வேதத்தில் சத்தியமே செய்யக்கூடாது, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். கூட்டம் சிரித்தது.

"கையெழுத்துப் போட்டுப் போட்டுத்தாம்மா பாதி ஊரு நெலம் போச்சு. அதை எவன் நம்புவான்?" என்றார் மணியக்காரர்.

அன்றோடு முடிவு கட்டிவிட்டார்கள், முதலில் விற்கப்போவது டீச்சர்தான் என்று. பால்காரி வருவதை நிறுத்தினாள். தெருவில் நான் வந்தால் பேச்சு நின்றது. இரண்டு பேர் தினமும் என் வேலிக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்து, தரகர் வருகிறாரா என்று காவல் காத்தார்கள். தரகர் மேலத்தெரு வழியாகப் பட்டப்பகலில் மற்ற வீடுகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

முதலில் விற்றவர் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தவர். அம்மனுக்குப் பொங்கல் வைத்தால் சத்தியம் கழிந்துவிடும் என்று பூசாரி வழி சொல்லிவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? வெல்லம் காய்கிற வாசனை வந்தாலே இன்னொரு நிலம் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிடும். வைக்கிற பொங்கலில் எனக்குப் பங்கு வராது.

என்னிடமும் தரகர் வந்தார். "ஒங்களுக்குத்தான் சத்தியம் கித்தியம் இல்லையே டீச்சர்" என்று சிரித்தார். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். சாத்தியதை யாராவது பார்த்திருப்பார்கள் என்று ஜன்னல் வழியாகப் புளியமரத்தை எட்டிப் பார்த்தேன். காவல் இருந்த இரண்டு பேரும் அதற்குள் தங்கள் நிலத்தை விற்று, தொட்டி கட்டும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

தொட்டிகள் வந்தன. இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் கால்வாய் பழுப்பாகி, நெல் நாற்று நுனி கருகியது. ஊர்க் கிணறுகள் உப்புத் தட்டின, கடைசியில் என்னுடையதும். பள்ளிக்கூடத்தில் ஆறு பிள்ளைகள் மிஞ்சினார்கள். சாயங்காலம் கதவைப் பூட்டிவிட்டு வந்தால், மறுநாள் காலைவரை நான் வாய் திறந்து பேச ஓர் ஆள் கிடையாது. ஜெபம் செய்யும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கும்.

மணியக்காரர் எல்லாருக்கும் கடைசியாக விற்றார். குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் மருமகன் வீட்டுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். புறப்படுகிற அன்று மத்தியானம், வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு என் வீட்டுக்கு வந்தார். கிணற்றடியில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தார். மதகுக் கல்லைப் பார்த்தார்.

"கை வச்ச நாங்க எல்லாம் குட்த்துட்டோம். நீ ஏம்மா குடுக்கல?"

எத்தனையோ பதில் வைத்திருந்தேன், நறுக்கென்று சொல்ல. அவர் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"எனக்கும் இதுதானே ஊரு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, நிறைய மொண்டு கொடுத்தேன். மற்ற வீடுகளில் அவர் அண்ணாந்து குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். என் சொம்பில் வாய் வைத்துக் குடித்தார். முதல் மடக்கிலேயே கண் சுருங்கியது. நிறுத்தவில்லை. அடிவரை குடித்து முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தாம்மா கீது" என்று சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

ஒருவராவது கேட்க வேண்டும் என்று பதினோரு வருஷம் ஏங்கியிருந்தேன். கேட்ட அன்று கொடுப்பதற்கு என்னிடம் நல்ல தண்ணீர் இல்லை.