இலையில் இருந்த ஸ்பானர்

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. தலைத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம். அப்பாவின் நல்ல குணங்களைப் பற்றித் தம்பிமார் எழுதுவார்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அப்பா திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவர். மழை அடுத்தடுத்துப் பொய்த்ததும் ஏரைச் சாத்தி வைத்துவிட்டு மதுரைக்கு நடந்தே வந்தார். மூட்டை தூக்கினார், லாரியில் கிளீனராகப் போனார், வண்டி ஓட்டப் பழகினார். கடைசியில் யாரோ ஓட்டித் தேய்த்த சீமை லாரி ஒன்றைத் தமக்கென்று வாங்கினார். வண்டியூர்ச் சாலையில் எங்கள் வீட்டு முற்றம்தான் அதற்குக் கொட்டகை.

அப்பாவின் பக்தி எல்லோரும் அறிந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வண்டிக்குப் புதிதாக நீலப் பெயின்ட் அடிப்பார். சாமான்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழையிலையில் பரப்பிவிட்டால் மறுநாள் காலை வரை ஒரு திருப்புளியைக்கூட யாரும் தொடக் கூடாது. தொட்டால் தொழில் விளங்காது என்பார். நாங்களும் நம்பினோம்.

அது யுத்த காலத்தில் வந்த ஓர் ஆயுத பூஜை. எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். என் கணவர் அப்பாவின் அக்காள் மகன். அப்பாவோடு அதே வண்டியில் போய்வந்துகொண்டிருந்தார். பூஜை முடிந்ததும், சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்ற வேண்டும். எங்கள் முற்றம் வாசலைப் பார்த்துச் சரிவு. அதனால் முன்சக்கரத்துக்கு எப்போதும் முட்டுக்கல் கொடுத்திருப்பார். அன்று கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழத்தை வைத்தார். வண்டியைக் கியரிலேயே நிறுத்தியிருந்ததை மறந்துவிட்டார்.

"மாப்ள, ஹேண்டிலப் போடு" என்றார்.

என் கணவர் வண்டிக்கு முன்னால் குனிந்து, இன்ஜினைக் கிளப்பும் அந்தக் கம்பியை மாட்டிச் சுற்றினார். இன்ஜின் பிடித்ததும் வண்டி துள்ளிப் பாய்ந்தது. விலகப் பார்த்தவரின் இடது காலை, முன்பக்க மட்கார்டு வாசல் கல்தூணோடு வைத்து நெரித்துவிட்டது. இன்ஜின் அணைந்தது. மட்கார்டின் தகரம் மடங்கித் தூணைக் கவ்விக்கொண்டது. கிழிந்த விளிம்பு அவர் கெண்டைக்காலில் இறங்கியிருந்தது. தெருக்காரர்கள் ஓடிவந்து வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். அவர் அலறினார்.

"தள்ளாதீகப்பா! தகரம் காலக் கிழிக்குது!" என்று அப்பா கத்தினார்.

மட்கார்டைக் கழற்றினால்தான் கால் வரும். கழற்றுகிற சாமான் எல்லாம் ஐந்தடி தள்ளி இலையில் இருந்தது. அப்பா இலையைப் பார்த்தார். தொடவில்லை.

"பாயக் கூட்டிட்டு வாரேன். அவருக்குப் பூஜை கெடையாது" என்று சொல்லிவிட்டுத் தெப்பக்குளத்துப் பக்கம் ஓடினார். அங்கே பட்டறை வைத்திருந்த பாய், அப்பாவின் நெடுநாள் சிநேகிதர். அவர் தொழுகைக்குப் போயிருந்தார். காத்திருந்து அழைத்துவர அரை மணிக்கு மேல் ஆயிற்று. அதற்குள் என் கணவரின் பாதம் கறுத்துவிட்டது.

பாய் கொண்டுவந்த எந்த ஸ்பானரும் அந்தப் பழைய சீமை வண்டியின் போல்ட்டுக்குச் சேரவில்லை. அவர் இலையைப் பார்த்தார்.

"அண்ணே, இம்புட்டுச் சாமானும் இங்கன கெடக்க, என்னையத் தேடியா ஓடி வந்தீக?"

அப்பா இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு ஸ்பானரை எடுத்தார். சந்தன ஈரத்தில் அது கையில் வழுக்கியது. போல்ட் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பூஜைதோறும் அடித்த பெயின்ட் அதை மூடி இறுகிப்போயிருந்தது. அரிவாள் நுனியால் சுரண்டினார். விளக்கு எண்ணெயை நான் கொண்டுவந்து ஊற்றினேன். முதல் போல்ட் திரும்பியது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது அசையவேயில்லை. பாய் உளியை வைத்துப் பிடிக்க, அப்பா சுத்தியலால் அடித்து அதன் தலையை வெட்டினார். அடிக்கு அடி தகரம் அதிர்ந்தது. என் கணவர் என் தோளைக் கடித்துக்கொண்டார்.

"பொறுத்துக்க மாப்ள... இன்னும் ஒரு அடி... பொறுத்துக்க மாப்ள" என்று அழுதுகொண்டே அடித்தார் அப்பா.

மட்கார்டு கழன்று விழுந்தது. குதிரை வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள கால நான்ல எடுத்துட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு எந்தப் பூஜையிலும் அந்த ஸ்பானரை அவர் இலையில் வைக்கவில்லை. பூஜையன்று அது அவர் மடியில்தான் இருக்கும். அப்பா சாமியை விட்டுவிட்டார் என்று பேசியவர்கள் உங்களிலும் உண்டு. அவர் சாமியை விடவில்லை. அந்த அரை மணி நேரம்தான் அவரை விடவில்லை. கடைசிக் காய்ச்சலிலும் "பொறுத்துக்க மாப்ள" என்றே பிதற்றினார். கட்டிலருகே கைத்தடியோடு இருந்த என் கணவர், "எனக்கு வலிக்கல மாமா, நீங்க தூங்குங்க" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார்.

அன்று உளி பிடித்துக் கை காயப்பட்ட பாய்க்கும், என் கணவரைத் தாங்கிப் பிடித்த தெருக்காரர்களுக்கும், அப்பா படுக்கையில் கிடந்த நாட்களில் கஞ்சி கொண்டுவந்த வீடுகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

மேலே ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அப்பா பாயைத் தேடி ஓடிய பிறகு என் கணவர் என்னிடம், "ஏ புள்ள, அந்த ஸ்பானர எடுத்து நிக்கிற ஆளுககிட்டக் குடு" என்றார். இரண்டு தடவை கேட்டார். "சாமிக்கு வச்சதுங்க. அப்பா வந்துரட்டும்" என்று சொல்லிவிட்டேன். இதை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பழி முழுவதும் தம்முடையது என்று அப்பா மருகியபோதெல்லாம் நான் பக்கத்தில்தான் இருந்தேன். சொல்ல வாயெடுத்து, பயந்துபோய் அடக்கிக்கொண்டேன்.

அப்பா, நீங்க மட்டும் இல்லப்பா. நானும்தான் எடுக்கலை.