கைகோத்தவளுக்கு மட்டும்

"கையைக் காட்டு" என்று கேட்கக்கூட மாட்டாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரலில் முடிப்பாள். பதினான்கு பெண்கள், இருபத்தெட்டுக் கைகள், பெஹாலாவில் ஒரு மைதானத்தின் தகரக் கொட்டகை, காலை ஆறேமுக்கால் மணி. நகம் நீண்டிருந்தால் நடுவர் ஆட்டத்தில் இறங்க விடமாட்டார், அது கபடியின் விதி. அதற்காக அத்தனை பேருக்கும் ஒருத்தியே உட்கார்ந்து வெட்டிவிட வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை. சத்யப்ரியா வெட்டிவிடுவாள். எவளாவது கையைப் பின்னுக்கு இழுத்தால், "பிராக்டீஸ்ல என் மூஞ்சியத்தானே கிழிக்கப் போற, சும்மா இரு" என்று அதட்டுவாள். இதை வங்காளியில்தான் சொல்வாள். தமிழைவிட அதுதான் அவள் நாக்கில் சுலபமாகப் புரளும்.

வயது முப்பத்திரண்டு. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கே வங்காளத்தில்தான். விளையாட்டுக் கோட்டாவில் எங்கள் அலுவலகத்தில் வேலை கிடைத்தது; காலையில் கபடி, மதியத்துக்குமேல் டெஸ்பாட்ச் பிரிவில் தபால். எனக்கு இரண்டு மேஜை தள்ளி அவள் இருக்கை. வாழ்நாளில் கேரம் போர்டைத் தாண்டி வியர்வை சிந்தாத ஆள் நான். ஆனாலும் அலுவலகத்தில் தமிழ் பேச வேறு நாதி இல்லாததால் அவளுக்கு நான் அண்ணன். ஒருநாள் கையெழுத்து வாங்க வந்தவள் என் நகத்தைப் பார்த்துவிட்டு, "ச்சீ, என்னண்ணா இது, கழுகு மாதிரி!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து வாராவாரம் வெட்டிக்கொள்கிறேன்.

மினிபஸ்ஸில் அவளோடு போவது மானக்கேடு. மூச்சுப் பயிற்சி என்று சொல்லி, ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை ஒரே மூச்சில் கபடி கபடி கபடி என்று முணுமுணுத்துக்கொண்டே வருவாள். பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல எழுந்து தள்ளிப் போய்விடுவார்கள். "பேய் புடிச்சிருக்குன்னு நெனச்சுக்கறாங்க. நமக்கு சீட்டு கெடைக்குதுல்ல, உக்காருங்க" என்பாள்.

அணியில் அவளுக்குப் பெயரே கிடையாது. அக்கா. அதாவது, வங்காளி வாயில் ஆக்கா. என்றைக்கோ தங்கை வந்து மைதானத்தில் அப்படிக் கூப்பிட்டதை அத்தனை பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஒத்த வயதுக்காரிகளுக்கும் அவள் ஆக்கா, டீக்கடைக்காரருக்கும் ஆக்கா. அவளுக்கு அதில் பெருமை தாங்காது. "மதராஸின்னு கூப்பிட்ட ஊருண்ணா இது. ஸ்கூல்ல எட்டு வருசம் அதான் என் பேரு. இவங்கதான் மாத்துனாங்க" என்று என்னிடமே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறாள். அவள் அம்மாவுக்கு மட்டும் இதெல்லாம் ஆகாது. "ஒம்பது வருசமா ஊராம்பொண்ணுங்க நகத்த வெட்டிட்டிருக்கா, இவளுக்கு யாரு வந்து மாலை போடறது?" என்று என்னிடம் போனில் புலம்புவார்.

அந்த அணிக்குள் ஒரு வழக்கம் உண்டு. கபடியில் பிடிக்க நிற்பவர்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்பார்கள். பாடி வருகிறவள் பாயும்போது ஒருத்தி காலுக்கு விழுந்தால் கைகோத்தவள் கூடவே விழ வேண்டும்; ஒருத்தி பின்வாங்கினால் இன்னொருத்தியும் பின்வாங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் ஜோடி ஜோடியாக ஒதுங்கி நின்று தங்கள் வலியைச் சொல்லிக்கொள்வார்கள். "கொத்தாய் ப்யாத்தா?" எங்கே வலி என்று ஒருத்தி கேட்பாள், மற்றவள் இடத்தைத் தொட்டுக் காட்டுவாள். கோச்சுக்கும் தெரியாது, அணி டாக்டருக்கும் தெரியாது, கைகோத்தவளுக்கு மட்டும் தெரியும். எதிரணிக்குப் புரியக் கூடாதென்று எல்லோருமே நல்ல காலிலும் சேர்த்து முழங்கால் உறை மாட்டிக்கொள்வார்கள். சத்யப்ரியா தன்னுடைய ஜோடி உறையைக் கரியாஹாட் சந்தையில், கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடும்வரை பேரம் பேசி வாங்கி வந்தவள்.

அவளோடு கைகோத்து நிற்பவள் மௌசுமி. வயது இருபத்தைந்து. கேனிங் லோக்கல் ரயிலைப் பிடித்துப் பாலிகஞ்சில் இறங்கி, பஸ் மாறி வந்து சேருகிறவள். தாமதமாக ஒருநாள்கூட வந்ததில்லை. நான்கு வருடமாக இந்த இருவர் கை விட்டுப் போனதில்லை. மௌசுமிக்குத் தோள் விலகும். சத்யப்ரியா அந்தப் பக்கம் இழுக்கவே மாட்டாள். "பாத்துப் பாத்து எனக்கே தோள் வலிக்கிற மாதிரி இருக்கும்ணா" என்பாள்.

போன மழைக்காலத்தில் சத்யப்ரியாவின் வலது முழங்கால் போயிற்று. தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் ஓய்வு என்று வெளியில் பார்த்த டாக்டர் சொன்னார். டாக்டரிடம் கூடப் போனவன் என்பதால் எனக்குத் தெரியும். ஆறு வாரத்தை எங்கே போய்த் தேடுவது? அலுவலகங்களுக்கு இடையிலான அகில இந்தியப் போட்டிக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் மூன்றே வாரத்தில் இருந்தது. ஒன்பது வருடத்தில் இரண்டு முறைதான் அந்தப் போட்டிக்குப் போயிருக்கிறாள், இரண்டு முறையும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள். அங்கே அவள் இடத்தில் அதுவரை ஆடி வந்தவள் இந்த முறைதான் ஓய்வு பெற்றிருந்தாள். அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிடும். களத்தில் இறங்க இதுவே முதல் வாய்ப்பு, இதுவே கடைசி. "ஒரு ஆட்டம். கோட்டுக்குள்ள நின்னு ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டேன்னா போதும்ணா" என்றாள்.

தேர்வன்று நானும் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். ஏழு மணிக்கு மண் குவளையில் டீயோடு சத்யப்ரியாவும் மௌசுமியும் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். வழக்கம்போல மௌசுமி தோளைத் தொட்டாள். வழக்கம்போல இவள் வலது முழங்காலைத் தொட்டாள். அதோடு விட்டாளா? பின்னுக்கு இழுக்க அரை நொடி கூடுதலாகிறது, இடப்புறம் திரும்பினால் மடங்கிக்கொள்கிறது என்று விவரமும் சொல்லி முடித்தாள். எட்டு மணிக்குக் கோச் கிரிதர் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். தேர்வு ஆட்டத்தில் எந்த வருடமும் ஜோடியைப் பிரித்ததில்லை. இந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் பிரித்து ஆடச் சொல்லிவிட்டார். சத்யப்ரியா கோட்டுக்கு இந்தப் பக்கம், மௌசுமி அந்தப் பக்கம்.

நான் கோட்டருகே போய் நின்றுகொண்டேன். இவள் என்னடாவென்றால் அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக் கையாட்டுகிறாள்!

மௌசுமி பாடி வந்தாள். நேராக வந்து, ஏய்த்து இவளை இடப்புறம் திரும்ப வைத்து, கால் விரலை நீட்டி இவளுடைய வலது பாதத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். ஒரு புள்ளி. சத்யப்ரியா வெளியே போனாள், மறுபடி உள்ளே வந்தாள். மௌசுமி மறுபடி வந்தாள். அதே கால், அதே அரை நொடி. மூன்றாவது தடவை இவள் கணுக்காலைப் பிடிக்க விழுந்தாள். முழங்கால் மடங்கி, முகம் மண்ணில் பட்டுக் கிடந்தாள். மௌசுமி அவளைத் தாண்டிக் குதித்துக் கோட்டைத் தொட்டாள். மூன்றாவது புள்ளி.

கிரிதர் ஓடி வந்து உறையைக் கழற்றிப் பார்த்தார். வீங்கிக் கிடந்தது. "இத்தன நாளா மறைச்சியா? என்னைய என்ன கேனையன்னு நெனச்சியா?" என்று தமிழிலேயே கத்தினார். அவர் ஜாம்ஷெட்பூர்த் தமிழர். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அன்று மத்தியானம் ஒட்டிய பட்டியலில் மௌசுமி பதினோராவது பெயர். சத்யப்ரியா இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று போய் மௌசுமியை நிறுத்தினேன். அவளுக்கு நான் தாதா, அதாவது வங்காளியில் அண்ணன். கண்ணைத் தாழ்த்தவில்லை. "வேற எங்க தொடறது, தாதா? தெரிஞ்ச எடத்தத் தொடாம விட்டேன்னா அது கள்ளாட்டம் இல்லையா? தேர்வாளர் பாத்துக்கிட்டிருக்காரு. ஆக்காவா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாங்க." கடைசியாகத் தோளைக் குலுக்கிவிட்டு, "கேலா தோ கேலாய்" என்றாள். ஆட்டம்னா ஆட்டம்தான். நாலு கேள்வியில் ஒன்றைக்கூடக் கேட்காமல் திரும்பி வந்தேன். அதுதான் இன்றைக்கும் எரிகிறது. அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நியாயத்தைக் கொண்டுபோய்க் குப்பையில்தான் போட வேண்டும்.

அதற்கும் எனக்குத்தான் திட்டு விழுந்தது. "ஒங்கள யாருண்ணா பஞ்சாயத்துக்குக் கூப்ட்டா? எங்க டீமு, எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்று சத்யப்ரியா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, போட்டிக்குப் போகிற பன்னிரண்டு பேருக்கும் நகம் வெட்டிவிட்டிருக்கிறாள். மௌசுமிக்கும்தான். ஒரு விரலில்கூடச் சதை தெரிய வெட்டவில்லை. ஹௌரா ஸ்டேஷனுக்கு நொண்டிக்கொண்டே போய் வழியனுப்பிவிட்டும் வந்தாள்.

அணி மூன்றாமிடம் வாங்கித் திரும்பியது. மௌசுமி ஒரு டப்பா இனிப்பு வாங்கி வந்து, "நீங்க இல்லாம கையே வெறிச்சுனு இருந்துச்சு ஆக்கா" என்று கட்டிக்கொண்டாள். பொய் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது. இவள் டப்பாவை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து செக்‌ஷன் முழுக்கக் கொடுத்தாள். தான் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, "சுகர் வந்துரும்ணா" என்றாள். அவளுக்கா சுகர்! நானும் விட்டுவிட்டேன்.

நவம்பரில் உள்ளூர் லீக் தொடங்கியது. அதற்கு வயது வரம்பு கிடையாது. வலது முழங்கால் முக்கால்வாசி தேறியிருந்தது. மீதிக் கால்வாசி படியேறும்போது அவள் முகத்தில் தெரியும். மைதான் என்று சொல்கிற பெரிய புல்வெளிப் பக்கம், ஒரு கிளப்பின் கூடாரத்தருகே முதல் ஆட்டம். கிரிதர் பழையபடியே அந்த இருவரையும் ஜோடியாக நிறுத்தினார். நான் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றிருந்தேன். என்னைத் தாண்டித்தான் ஒதுங்கினார்கள். மௌசுமி கொஞ்சமும் யோசிக்காமல் தோளைத் தொட்டு, "இன்னிக்கு ரொம்ப இருக்கு, இந்தப் பக்கம் இழுத்துராதீங்க" என்றாள். சத்யப்ரியா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு மௌசுமி கேட்டாள்: "கொத்தாய் ப்யாத்தா, ஆக்கா?"

அவள் முகத்தில் அசல் கவலை இருந்தது. சத்யப்ரியா அவளைப் பார்த்துச் சிரித்தாள். குனிந்து, உறையைச் சரிசெய்வதுபோல் விரலை வைத்து, ஒரு நாளும் வலித்திராத தன் இடது முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.